உங்களுக்குத் தெரியுமா? – சின்னக் கரியடுப்பு, பெரிய விலை

● கொள்ளுப்பிட்டித் தொடர்மாடி ஒன்றின் பல்கனியில் வைத்துக் கோழி சுடுவதற்கு ஒரு சின்னக் கரியடுப்பு வேண்டும். உள்ளூர் மண் அடுப்பையும், வெளிநாட்டுப் பெயர் பதித்த, முட்டை வடிவிலான பளபளப்பான ‘முட்டை அடுப்பையும்’ பக்கத்துப் பக்கத்தில் வைத்து விலை கேட்டால், ஒன்றுக்கு மற்றது முப்பது மடங்கு வரை போகலாம். இரண்டும் சுட்ட மண்தான். இரண்டிலும் எரிவது கரிதான். அந்த முப்பது மடங்கில் எவ்வளவு சமையலுக்குப் போகிறது, எவ்வளவு பெயருக்கும் கப்பலுக்கும் போகிறது என்பதுதான் இந்த வாரக் கேள்வி.

● முட்டை அடுப்பின் பூர்வீகம் இறைச்சி அல்ல, சோறு. ஜப்பானில் சோறு வேகவைக்கப் பயன்பட்ட மூடி போட்ட மண் அடுப்பை, இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அங்கிருந்த அமெரிக்கப் படையினர் ஊருக்குக் கொண்டுபோனார்கள். சோற்றுப் பானையை எடுத்துவிட்டு இறைச்சியை வைத்தார்கள். 1974இல் அட்லாண்டா நகரில் எட் ஃபிஷர் என்பவர் இதை விற்கக் கடை போட்டார். இன்று உலகம் அறிந்த ‘பிக் கிரீன் எக்’ அதுதான். ஆரம்பத்து மண் அடுப்புகள் சூட்டில் வெடித்தன. உயர் வெப்பம் தாங்கும் மட்பாண்டத்துக்கு மாறிய பிறகுதான் வியாபாரம் நிமிர்ந்தது. அதன் பெரிய போட்டியாளரான ‘கமாடோ ஜோ’ 2009இல் வந்தது.

● ‘கையில் தூக்கலாம்’ என்று விளம்பரம் சொல்லும். கமாடோ ஜோ நிறுவனத்தின் ‘ஜூனியர்’ அடுப்பு 30 கிலோவைத் தாண்டும். விமானத்தில் சாதாரண வகுப்புப் பயணிக்கு அனுமதிக்கப்படும் பொதி பெரும்பாலும் 23 கிலோ அல்லது 30 கிலோ. டொரன்டோவிலிருந்து வரும் மாமாவிடம் “வரேக்க ஒண்டு கொண்டு வாங்கோ” என்று சொல்ல நினைப்பவர்கள் இந்த இலக்கத்தை முதலில் பார்க்கவும். மாமா தன் உடுப்பு முழுவதையும் விட்டுவிட்டு வந்தாலும் அடுப்பு பொதிக்குள் அடங்காது. கப்பலில் வந்தால் கூலி, சுங்கம், அதற்கு மேல் 2024 ஜனவரி முதல் 18 சதவீதமான வற் வரி. அமெரிக்காவில் 500 டொலர் போட்டிருக்கும் அடுப்பு, டொலர் 300 ரூபா என்று வைத்தால், 150,000 ரூபா. இது கடை வாசலில் உள்ள விலை. காலி வீதிக்கு வந்து சேரும் விலை வேறு.

● அடுப்பின் அளவை அங்குலத்தில் சொல்வது விற்பவருக்கு வசதி. வாங்குபவர் அதைப் பரப்பாக மாற்றிப் பார்க்க வேண்டும். 10 அங்குல வட்டக் கம்பித்தட்டின் பரப்பு ஏறத்தாழ 78 சதுர அங்குலம். 13 அங்குலம் என்றால் 132. மூன்றே அங்குலம் கூடியதற்கு இடம் கிட்டத்தட்ட 70 சதவீதம் கூடிவிட்டது. ஒரு முழுக் கோழிக் கால் வசதியாகக் கிடக்க ஏறத்தாழ 24 சதுர அங்குலம் வேண்டும். அப்படியானால் 10 அங்குலத்தில் மூன்று, 13 அங்குலத்தில் ஐந்து. ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு 10 அங்குல அடுப்பு வாங்கினால் இரண்டு பேர் காத்திருக்க வேண்டும். விலையைப் பரப்பால் வகுத்து, சதுர அங்குலத்துக்கு எத்தனை ரூபா என்று பாருங்கள். பெயர்கள் எல்லாம் மறைந்து கணக்கு மட்டும் நிற்கும்.

● அந்தக் கணக்கில் முட்டை அடுப்பை வெல்வது தகரம். சிகாகோ பக்கத்தில் வெபர் சகோதரர்களின் உலோகப் பட்டறையில் வேலை செய்த ஜோர்ஜ் ஸ்டீபன், 1952இல் கடல் மிதவைக் கோளத்தைப் பாதியாக வெட்டி மூடி போட்ட அடுப்பைச் செய்தார். அந்த வம்சத்தின் சின்னப் பிள்ளையான ‘ஸ்மோக்கி ஜோ’வின் சமையல் பரப்பு 147 சதுர அங்குலம். 13 அங்குல முட்டை அடுப்பை விடப் பெரியது, விலையோ அமெரிக்காவில் அதன் பத்தில் ஒன்றுதான். ஒரு கையால் தூக்கலாம்.

● அப்படியென்றால் மண்ணுக்கு ஏன் காசு? சூடு சுவரில் தங்குவதற்காக. தகரச் சுவர் வாங்கிய சூட்டை அப்போதே வெளியே கொட்டிவிடும். தடித்த மட்பாண்டச் சுவர் அதைத் தன்னிடம் வைத்துக்கொண்டு மெல்ல மெல்லத் திருப்பித் தரும். அதனால் குறைந்த கரி போதும், குறைந்த காற்று போதும். உள்ளே காற்றோட்டம் குறைந்தால் இறைச்சியின் ஈரம் வெளியே இழுபடாது. கோழி நெஞ்சு உலர்ந்து தும்பாகாமல் வருவதற்குக் காரணம் இதுதான், மசாலா அல்ல.

நம் பாட்டிமாருக்கு இந்தப் பாடம் புதிது இல்லை. அப்பச்சட்டியை அடுப்பில் வைத்து, மூடியின் மேல் தணலைப் போட்டு, கீழும் மேலும் ஒருசேர வேகவைத்தவர்கள் அவர்கள். முட்டை அடுப்பின் குவிந்த மூடி செய்வதும் அந்த மேல் தணலின் வேலையைத்தான்.

● முட்டை அடுப்பு வாங்கும்போது பையிலிருந்து ஒரு 20 ரூபாத் தாளை எடுங்கள். மூடிக்கும் அடிப்பாகத்துக்கும் நடுவில் தாளின் பாதியை வைத்து மூடியைச் சாத்துங்கள். தாளை மெதுவாக இழுங்கள். இறுகிப் பிடித்தால் நல்லது. வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தால் காற்று போகிறது. விளிம்பைச் சுற்றி நாலைந்து இடத்தில் இப்படிப் பாருங்கள். காற்று கசியும் முட்டை அடுப்புக்கும் சாதாரணச் சட்டி அடுப்புக்கும் சமையலில் பெரிய வித்தியாசம் கிடையாது. விலையில் மட்டும் இருக்கும். கடைக்காரர் முகம் சுளித்தால் அதுவும் ஒரு தகவல்தான்.

● காற்று கசியாத அடுப்பின் இன்னொரு இலாபம், எரிந்து மிஞ்சிய கரி. மேல் துவாரத்தையும் கீழ்த் துவாரத்தையும் அடைத்தால் நெருப்பு மூச்சு முட்டி அணைந்துவிடும். அடுத்த முறை சாம்பலை உதிர்த்துவிட்டு அதே கரியை மூட்டலாம். திறந்த அடுப்பில் மிஞ்சுவது பெரும்பாலும் சாம்பல்தான்.

● இரட்டைத் தகரச் சுவருக்கு நடுவில் காப்பு வைத்து, மட்பாண்டம் இல்லாமலே முட்டை அடுப்பின் வேலையைச் செய்யும் அடுப்புகளும் உண்டு. ‘சார்-கிரில்லர்’ நிறுவனத்தின் ‘அகோர்ன் ஜூனியர்’ அப்படியானது. விலை மட்பாண்ட அடுப்பின் பாதியளவு, சிலவேளை அதற்கும் கீழே. கீழே விழுந்தால் நெளியும், உடையாது. ஆனால் கடற்கரையிலிருந்து நாலு வீடு தள்ளி இருப்பவர் இதை வாங்க முன் இரண்டு முறை யோசிக்க வேண்டும். காரணம் அடுத்தது.

● கொள்ளுப்பிட்டியின் ஒரு விளிம்பு கடல். ரயில் பாதையைத் தாண்டினால் அலை. மரைன் டிரைவ் பக்கத்துப் பல்கனிகளில் யன்னல் கம்பியும் ஏ.சி. பெட்டியின் வெளித் தகரமும் என்ன பாடுபடுகின்றன என்று அங்கே குடியிருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மட்பாண்டம் துருப்பிடிக்காது, உண்மை. ஆனால் முட்டை அடுப்பின் மூடியைத் தாங்குவது இரும்புப் பட்டியும் சுருள்வில்லும். தகர வாளிக்குள் மண் சட்டி வைத்த வாளி அடுப்பில் மண்ணைத் தாங்குவது அந்தத் தகர உறை. உப்புக்காற்று முதலில் தின்பது அவற்றைத்தான். ‘மண் அடுப்புக்கு ஆயுள் அதிகம்’ என்று கடையில் சொன்னால், பட்டிக்கும் ஆணிக்கும் எவ்வளவு ஆயுள் என்று கேளுங்கள். துருப்பிடிக்கா உருக்கு என்றால் காந்தத்தை நம்ப வேண்டாம், சில நல்ல உருக்கும் காந்தத்தில் ஒட்டும். உற்பத்தியாளர் என்ன உருக்கு என்று எழுதியிருக்கிறார் என்று பாருங்கள்.

● தாய்லாந்தில் தெருவோரம் பன்றி இறைச்சியும் கோழியும் சுடும் வாளி அடுப்பை அங்கே போனவர்கள் பார்த்திருப்பார்கள். வெளியே தகர வாளி, உள்ளே தடித்த மண் சட்டி, இரண்டுக்கும் நடுவில் உமிச் சாம்பல். களிமண்ணோடும் உமிச் சாம்பலைக் குழைப்பார்கள். உமி எரிந்து மிஞ்சும் சாம்பல் சூட்டைக் கடத்தாது. அரிசி விளையும் நாட்டில் காசில்லாமல் கிடைக்கும் காப்புப் பொருள் அது.

இந்த வாளியின் கதை அங்கேயே முடியவில்லை. 1981இல் நைரோபியில் புதிய, புதுப்பிக்கத்தக்க எரிசக்திகள் பற்றி ஐக்கிய நாடுகள் மாநாடு நடந்தது. அந்தக் காலத்தில் கென்யாவின் நகரங்களில் ஏழைகள் பழைய தகரத்தால் செய்த கரியடுப்பில் சமைத்தார்கள், சூடு நாலு பக்கமும் வீணாகியது. அந்த மாநாட்டை ஒட்டித் தாய்லாந்து வாளியடுப்பைப் பார்த்தவர்கள், தகரத்துக்குள் மண் சட்டி வைக்கும் யோசனையை எடுத்துக்கொண்டார்கள். உறையை மட்டும் கென்யத் தகர வேலைக்காரர்கள் இடை சிறுத்த உடுக்கு வடிவில் செய்தார்கள். ‘கென்ய செராமிக் ஜிகோ’ என்று பெயர். பழைய தகர அடுப்போடு பார்த்தால் கரிச்செலவு மூன்றில் ஒன்று முதல் பாதி வரை குறைந்தது. உறை செய்வது தகரத் தொழிலாளி, உள்சட்டி செய்வது குயவர், இரண்டையும் பொருத்தி விற்பது இன்னொருவர். தொழிற்சாலை இல்லை, காப்புரிமைச் சண்டை இல்லை. கிழக்கு ஆபிரிக்கா முழுக்கப் பரவியது. என் கணக்கில் சின்ன மட்பாண்டக் கரியடுப்புகளில் ‘கொடுத்த காசுக்குக் கிடைத்த பலன்’ என்ற பரிசை யாருக்காவது கொடுக்க வேண்டுமென்றால் அது இதற்குத்தான். முட்டை அடுப்புக்கு அல்ல.

● நமக்கும் இப்படி ஒன்று உண்டு. சிங்களத்தில் ‘அனகி’ என்று பெயர் வைக்கப்பட்ட இரட்டைப் பானை மண் அடுப்பு. 1980களில் மின்சார சபையின் விறகுச் சிக்கனத் திட்டத்தோடும் பிரித்தானியத் தொண்டு நிறுவனம் ஒன்றின் துணையோடும் வடிவமைக்கப்பட்டு, கிராமத்துக் குயவர்களுக்குக் கற்றுக்கொடுக்கப்பட்டது. ஒரே துண்டாகச் சுட்ட மண். முன்னால் விறகு தள்ளும் வாய், முதல் பானைக்குக் கீழே நெருப்பு, அங்கிருந்து போகும் சூடு ஒரு குழாய் வழியாக இரண்டாவது பானைக்கு. முதல் பானையில் சோறு கொதிக்கும்போது இரண்டாவதில் பருப்பு தானாகவே வேகும். மூன்று கல் அடுப்போடு பார்த்தால் விறகில் மூன்றிலொரு பங்கு மிச்சம் என்று சொல்லப்படுகிறது. சுற்றிவர மண் குழைத்து அணைத்துப் பூசினால் வெடிக்காமல் கூடக் காலம் இருக்கும்.

ஒன்றை மறக்கக் கூடாது: அனகி விறகு அடுப்பு, கரியடுப்பு அல்ல. பல்கனியில் இதில் விறகு எரித்தால் மேல்மாடிக்காரர் இறங்கி வருவார். ஆனால் மண்ணின் தரம், சுட்ட பதம், பானைக்கும் நெருப்புக்கும் உள்ள இடைவெளி ஆகியவை ஓர் அடுப்பை எப்படித் தீர்மானிக்கின்றன என்று இந்த நாட்டுக் குயவர்களுக்கு நன்றாகத் தெரியும் என்பதற்கு அது சாட்சி. கண்டி வீதியில் கேகாலைப் பக்கம் மொலகொடையில் வண்டியை நிறுத்திப் பானை வாங்குபவர்கள், அங்கே அடுப்பையும் ஒரு தடவை விசாரிக்கலாம்.

● 2021 நவம்பர், டிசம்பரில் நாடெங்கும் நூற்றுக்கணக்கான காஸ் அடுப்பு, சிலிண்டர் வெடிப்புச் சம்பவங்கள் பதிவாகின. அது ஓய்வதற்குள் 2022 வந்தது, காஸ் தட்டுப்பாடும் வந்தது. கொழும்பு வீதிகளில் சிலிண்டர்களைச் சங்கிலியால் கட்டி வரிசையில் வைத்துவிட்டு, அதன் பக்கத்திலேயே ஆட்கள் இரவைக் கழித்தார்கள். காலி முகத்திடலில் போராட்டக் கிராமம் எழுந்த அதே ஏப்ரலில், 12.5 கிலோ லிட்ரோ சிலிண்டர் 4,860 ரூபாவுக்கு ஏறியது. 2021 ஒக்டோபர் வரை அதே சிலிண்டர் 1,493 ரூபா. அப்போதுதான் சிரட்டைக்கரி போட்டு, அடியில் சின்ன மின்விசிறி வைத்து ஊதும் அடுப்புகள் கடைகளில் அடுக்கடுக்காக வந்தன. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் மூன்றாம் மாடிக் குசினிகளில் கரிப்புகை ஏறியது பலருக்கு நினைவிருக்கும்.

● காஸுக்குப் பதில் கரி எப்போது இலாபம்? ஒரு கணக்கு தருகிறேன், பேனையை எடுங்கள். ஒரு கிலோ சமையல் காஸில் ஏறத்தாழ 46 மெகாஜூல் வெப்பம். 12.5 கிலோவில் 575. நல்ல சிரட்டைக்கரியில் கிலோவுக்கு ஏறத்தாழ 30. அப்படிப் பார்த்தால் ஒரு சிலிண்டருக்குச் சமம் 19 கிலோ கரி. ஆனால் காஸ் அடுப்பில் பாதிக்கு மேலான சூடு பானைக்குப் போகும். கரியடுப்பில் அதன் பாதிதான் போகும், மற்றது அறையைச் சூடாக்கும். ஆகவே 19ஐ இரட்டியுங்கள்: 38 கிலோ.

இனி எளிது. சிலிண்டர் விலையை 38ஆல் வகுங்கள். வரும் தொகைக்குக் குறைவாக ஒரு கிலோ கரி கிடைத்தால் கரி இலாபம். சிலிண்டர் 1,493 ரூபாவாக இருந்தபோது அந்த எல்லை 39 ரூபா. 4,860 ஆனபோது 128 ரூபா. சனம் ஏன் அந்த ஆண்டு மட்டும் கரிக்கு ஓடியது, பிறகு ஏன் அடுப்பைப் படிக்கட்டுக்குக் கீழே தள்ளியது என்பது இந்த இரண்டு இலக்கங்களுக்கு நடுவில் இருக்கிறது. இன்றைய சிலிண்டர் விலையை நீங்களே போட்டுப் பாருங்கள்.

தினச் சமையலுக்குத்தான் இந்தக் கணக்கு. ஞாயிற்றுக்கிழமை பாரை மீன் சுடுபவருக்கு இது பொருந்தாது. சுட்ட வாசம் காஸில் வராது, அதற்கு விலை வேறு.

● சிரட்டைக்கரி இந்த நாட்டில் மலிவாக இருக்க வேண்டியது. ஏன் இல்லை? ஏனென்றால் நீங்களும் நானும் மட்டும் வாங்குபவர்கள் அல்ல. 1973இல் தொடங்கிய ஹேகார்ப் போன்ற நிறுவனங்கள் சிரட்டைக்கரியைச் செயலூட்டிய கரியாக்கி உலகமெங்கும் அனுப்புகின்றன. குடிநீர் வடிகட்டவும் சுரங்கத்தில் தங்கம் பிரிக்கவும் அது வேண்டும். மூன்று கிலோ சிரட்டையைச் சுட்டால் ஏறத்தாழ ஒரு கிலோ கரிதான் மிஞ்சும். 2024 முடிவிலும் 2025 தொடக்கத்திலும் தேங்காய்த் தட்டுப்பாடு வந்து ஒரு காய் 200 ரூபாவைத் தாண்டியபோது, சம்பலோடு சேர்ந்து கரிக்கும் இடி விழுந்தது.

● சிரட்டைக்கரி நல்ல சூடு, சாம்பல் குறைவு. ஆனால் துண்டு சின்னது, மெல்லியது. பெரிய மரக்கரிக்காகச் செய்த வெளிநாட்டு அடுப்பின் தட்டில் போட்டால் இடுக்கால் கீழே விழுந்து காற்று வழியை அடைத்துவிடும். வாங்க முன் தட்டின் ஓட்டை உங்கள் விரல் மொத்தத்தை விடப் பெரிதா என்று பாருங்கள். பெரிது என்றால் மேலே ஒரு கம்பிவலை வெட்டிப் போட வேண்டிவரும். சிரட்டைத் தூளை அமுக்கிச் செய்த கட்டிக்கரி நீண்ட நேரம் எரியும், விலையும் கூட. மண்ணெண்ணெய் ஊற்றி மூட்டும் பழக்கத்தை மண் அடுப்பில் வைத்துக்கொள்ளாதீர்கள். மண் அந்த மணத்தைக் குடித்துவிடும். பத்து நாளைக்குப் பிறகு சுடும் கணவாயிலும் அது வரும்.

● நீளமாக, குறுகலாக, மேசையில் வைக்கும் அளவில் இருக்கும் ஜப்பானியக் குச்சி இறைச்சி அடுப்பை நட்சத்திர ஹோட்டல் சமையற்காரர்கள் விரும்புவார்கள். தரமானவை நோட்டோ தீபகற்பத்தில் சுசு நகரப் பக்கம் கிடைக்கும் ஒரு வகை மண்ணால் ஆனவை. நுண்ணிய கடற்பாசிகளின் ஓடுகள் கோடிக்கணக்கில் படிந்த மண் அது, உள்ளே முழுக்கக் காற்றுக் குமிழி. உள்ளே தணல் கனன்றாலும் வெளிப்பக்கம் அவ்வளவாகச் சுடாது. நிலத்திலிருந்து கட்டியாக அறுத்துச் செதுக்கியது ஒரு விலை, தூளாக்கி அச்சில் அமுக்கியது இன்னொரு விலை. முன்னது பல மடங்கு. 2024 ஜனவரி 1ஆம் திகதி வந்த பெரும் நிலநடுக்கம் சுசு நகரத்தையே சிதைத்தது, அடுப்புத் தொழிலும் அதில் அடிபட்டது.

இந்த வகை அடுப்புக்குப் பரப்புக் கணக்கு செல்லாது. அகலம்தான் முக்கியம். குச்சியின் இரு முனையும் இரு பக்கச் சுவரிலும் தங்க வேண்டும், இறைச்சி மட்டும் தணலுக்கு மேலே நிற்க வேண்டும். உங்கள் வீட்டுக் குச்சியைக் கையோடு கொண்டுபோய் வைத்துப் பாருங்கள். இன்னொன்று: இதில் தண்ணீர் படக் கூடாது. கழுவினீர்களோ, கதை முடிந்தது. கொழும்பின் காற்றில் உள்ள ஈரத்துக்கே அலமாரியில் வைத்துப் பாதுகாக்க வேண்டிய சாமான். வாரம் தவறாமல் குச்சி இறைச்சி சுடாத வீட்டுக்கு இது வீண் செலவு என்பேன்.

● மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. பல்கனியில் நனைந்து கிடந்த மண் அடுப்பை எடுத்து நேரே கரி நிரப்பி ஊதினால் வெடிக்கும். மண்ணுக்குள் புகுந்த நீர் ஆவியாகி வெளியேற வழி தேடும், வழி இல்லாத இடத்தில் தானே வழி செய்துகொள்ளும். ஒரு பகல் வெயிலில் வையுங்கள். பிறகு ஒரு பிடி கரியில் மெதுவாக அரை மணி நேரம் சூடாக்குங்கள். புதிதாக வாங்கியதற்கும் முதல் நெருப்பு இப்படித்தான். விலை கூடிய அடுப்புக்கும் இந்த விதி உண்டு.

● மண் அடுப்பு வாங்கும்போது விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். கணீரென்றால் நன்றாகச் சுட்டது, வெடிப்பில்லாதது. பொத்தென்றால் வைத்துவிடுங்கள். தகர உறைக்குள் இருக்கும் சட்டியை வெளியே எடுக்கச் சொல்லித் தட்டுங்கள், உறையோடு தட்டினால் எல்லாம் ஒரே சத்தம்தான்.

பளபளப்புப் பூச்சு உள்ள முட்டை அடுப்பில் மெல்லிய கோடுகள் வலைபோல் தெரியும். புறக்கோட்டைக் கடையொன்றில் இப்படி ஒரு பேச்சு நடந்தது.

“தம்பி, இது வெடிச்சிருக்கெல்லே?”

“இல்ல அக்கா, அது மேல்பூச்சில வாற கோடு. மண்ணில இல்ல.”

“அப்ப நகம் ஏன் சிக்குது?”

தம்பி வேறொன்றை எடுத்து வந்தார். அக்கா செய்ததுதான் சரியான சோதனை. பூச்சுக் கோட்டில் நகம் ஓடும், வெடிப்பில் நகம் நிற்கும். பூச்சுக் கோடு சமையலுக்குப் பாதகமில்லை, விலையைக் குறைக்கக் கேட்கவும் காரணமில்லை.

● ‘வாழ்நாள் உத்தரவாதம்’ என்ற சொல் முட்டை அடுப்பின் விலையில் பெரும்பங்கை நியாயப்படுத்தும். அந்த உத்தரவாதம் முதல் வாங்கியவருக்கு மட்டும், அதுவும் அங்கீகாரம் பெற்ற விற்பனையாளரிடம் வாங்கியிருந்தால் மட்டும். துபாயில் இருந்த ஒருவர் வீடு மாறும்போது விற்றதையோ, யாரோ கொள்கலனில் கொண்டுவந்து இறக்கியதையோ வாங்கினால் உங்களுக்கு அந்த உத்தரவாதத்தின் நிழல்கூடக் கிடையாது. அதுவும் மட்பாண்டத்துக்குத்தான் வாழ்நாள். கம்பித்தட்டு, விளிம்பு நாடா, வெப்பமானி எல்லாம் வேறு, குறுகிய காலம். ஆகவே இரண்டாம் கையாக வாங்குபவர், உத்தரவாதம் இல்லாத விலையைத்தான் பேச வேண்டும். பாதிக்கு மேலே போகாதீர்கள்.

● விலையை அடுப்பால் வகுக்காமல் சமையலால் வகுங்கள். 150,000 ரூபா அடுப்பைப் பத்து வருடம், மாதம் ஒரு தடவை மூட்டினால், ஒரு சமையலுக்கு 1,250 ரூபா. வருடத்துக்கு இரண்டே தடவை என்றால் 7,500 ரூபா. கரியும் கோழியும் இதில் சேரவில்லை. 5,000 ரூபாவுக்கு ஒரு வாளி அடுப்பு என்று வைத்து, அது இரண்டே வருடத்தில் உடைந்துபோனாலும், மாதம் ஒரு தடவைக்கு 208 ரூபா. கொள்ளுப்பிட்டியில் ஒரு கொத்து ரொட்டி அதைவிடக் கூடிய விலை. வாரம் இரண்டு தடவை மூட்டும் குடும்பத்துக்கோ, வீட்டிலிருந்து சுட்ட கோழி விற்பவருக்கோ முட்டை அடுப்பின் விலை தானாகவே கரைந்துவிடும். அவர்கள் வாங்கலாம்.

● தணல் சிவந்து, புகை நின்று, ‘இனிப் பயமில்லை’ என்று தோன்றும் நேரம்தான் கூடுதல் ஆபத்து. கரி எரியும்போது கார்பன் மொனொக்சைட் வரும். நிறமில்லை, மணமில்லை. நம் இரத்தத்தில் ஒட்சிசன் அமரும் இடத்தில், ஒட்சிசனை விட 200 மடங்குக்கு மேல் வலுவாக அது ஒட்டிக்கொள்ளும். மழை வந்துவிட்டது என்று அரைத் தணல் அடுப்பைத் தூக்கி அறைக்குள் வைக்கவே வைக்காதீர்கள். யன்னல் ஒன்று திறந்திருக்கிறது என்பது பாதுகாப்பு ஆகாது. கண்ணாடி அடைத்த பல்கனியும் அறைதான். தொடர்மாடி நிர்வாகம் கரிக்குத் தடை போட்டிருந்தால் வாக்குவாதம் வேண்டாம், அடுப்பை ஒரு வீட்டு முற்றத்துக்குக் கொண்டுபோங்கள். அதற்காகத்தானே தூக்கக்கூடிய அடுப்பு?

● ஆக, எதை வாங்குவது? மீன், இறால், கோழிக் கால், எப்போதாவது சோளம் என்று இருப்பவர்களுக்குத் தகர உறைக்குள் மண் சட்டி வைத்த வாளி அடுப்பு போதும். முழுக் கோழியையோ ஆட்டுத் தொடையையோ மூடிவைத்து மணிக்கணக்கில் வேகவைக்க விரும்புபவர் மட்டும் முட்டை அடுப்பைப் பார்க்கட்டும், அதுவும் 13 அங்குலத்துக்குக் குறையாமல். இரண்டில் எதுவானாலும், காசைக் கொடுக்க முன் கடைக்காரரிடம் ஒன்றைக் கேளுங்கள்: உள்சட்டியோ கரித்தட்டோ உடைந்தால் அது மட்டும் தனியாகக் கிடைக்குமா? கிடைக்காது என்றால் அடுத்த கடைக்குப் போங்கள்.